ஃபியூஸ் யாருடைய பையில்?

எங்கள் ஹாம் ரேடியோ சங்கத்தின் ஆண்டு மலருக்கு, பழைய டிரான்ஸீவரில், அதாவது பேசவும் கேட்கவும் உதவும் செட்டில், கண்ணாடி வால்வு மாற்றுவது எப்படி என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் இளைஞர்கள். தங்களைவிட வயதான ஜப்பானிய செட்டுகளை இணையத்தில் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். வந்து சேர்ந்த அன்றே மூடியைக் கழற்றிப் படமெடுத்து எனக்கு அனுப்புகிறார்கள். சில படங்களில், திறந்து கிடக்கும் செட்டின் டயல் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அப்படி ஒரு படம் வந்தால் எனக்கு வேறு வேலை ஓடாது. ‘முதலில் ஆஃப் செய்யுங்கள்’ என்று எழுதிவிட்டு, பதில் வரும்வரை போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

வால்வு மாற்றும் முறை கையேட்டில் இருக்கிறது. தெளிவாகவே இருக்கிறது. அதை நான் திருப்பி எழுதப் போவதில்லை. அதில் இல்லாதது ஒன்று உண்டு. மூடியைத் திறந்த பிறகு எப்படிப் பயப்பட வேண்டும் என்பது. நான் சம்பளம் வாங்கியது பெரும்பாலும் அந்த வேலைக்குத்தான்.

சேலத்தில் ஓர் அரசு வயர்லெஸ் பணிமனையில் டெக்னீஷியனாக இருந்தேன். விருப்ப ஓய்வு பெற்று, இப்போது ஏற்காட்டில் அம்மா விட்டுப்போன வீட்டில் இருக்கிறேன். டிப்ளமோ, பயிற்சி, தேர்வு எல்லாம் எல்லோருக்கும் நடப்பதுபோல எனக்கும் நடந்தன, சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது, நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே சூப்பர்வைசராக இருந்த துரைசாமி சாரைப் பற்றி.

ஒல்லியான மனிதர். இடது கையை எப்போதும் பேண்ட் பைக்குள் வைத்திருப்பார். டீ குடிக்கும்போதும் அப்படித்தான், மேலதிகாரியிடம் பேசும்போதும் அப்படித்தான். திமிர் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். திமிரில்லை. வீட்டுக்கு வரும் மின்சாரம் இருநூற்றுச் சொச்சம் வோல்ட். அனுப்பும் வால்வின் தலையிலுள்ள தொப்பிக்கு எண்ணூறு வோல்ட்டுக்கு மேல் போகும். அதை நாங்கள் ஹெச்.டி. என்போம். இரண்டு கையும் செட்டுக்குள் இருந்தால் அது ஒரு கை வழியாக ஏறி, நெஞ்சைக் கடந்து, மறு கை வழியாக இறங்கும். ஒரு கை பைக்குள் இருந்தால் அந்தப் பாதை கிடையாது. துரைசாமி சாருக்கு இது பழக்கமாகி, பிறகு உடம்பாகவே ஆகிவிட்டது. மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரை ஒற்றைக் கையால் கும்பிட்டார் என்று பணிமனையில் ஒரு கதை உண்டு. நான் பார்க்கவில்லை.

அவருடைய முதல் சட்டம் ஃபியூஸ் பற்றியது. எவருடைய கை செட்டுக்குள் இருக்கிறதோ, அந்த செட்டின் ஃபியூஸ் அவருடைய பையில் இருக்க வேண்டும். சுவிட்ச் ஆஃப், பிளக் கழற்றியாயிற்று என்பதையெல்லாம் அவர் கணக்கில் எடுக்க மாட்டார். “பிளக்க யாரு வேண்ணாலும் சொருகலாம். உங்க பைக்குள்ள எவனும் கைய உட மாட்டான்” என்பார். அதோடு நிற்காது. ஹெச்.டி. போடுமுன் ஒருவர் “ஆன்” என்று சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லும் குரல் காதில் விழாமல் சுவிட்சில் விரல் வைக்கக் கூடாது.

பணிமனையில் சேர்ந்த முதல் பெண் நான். புடவை. புடவைக்கு ஏது பை? துரைசாமி சார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆபீஸ் கிளார்க்கிடம் போனார்.

“ஏனுங்க, பையில்லாத ஆள அனுப்பியிருக்கீங்களே, ஃபியூஸ எங்கீங்க வெக்கறது?”

மறுநாள் ஒரு காக்கித் துணிப் பை கொண்டுவந்தார். கழுத்தில் மாட்டிக்கொள்ள நாடா வைத்துத் தைத்தது.

“என்ற சம்சாரம் தெச்சுது. கோணலா இருந்தா அவகிட்டச் சொல்லுங்க. எங்கிட்டச் சொல்லி எனக்கு வம்பு இழுத்து உடாதீங்க.”

கோணலாகத்தான் இருந்தது. இன்றும் அதையே வைத்திருக்கிறேன்.

இன்னொரு வழக்கம் கொஞ்சம் கொடுமையானது. நாங்கள் செட்டுக்குள் கை விட்டு மும்முரமாக இருக்கும்போது, பின்னால் வந்து ஒரு தகர மூடியைத் தரையில் போடுவார். முதல் தடவை, கையை உள்ளேயே வைத்துக்கொண்டு திடுக்கிட்டுத் திரும்பினேன்.

“ஏங் கண்ணு, மூடியப் பாக்க அத்தன ஆசையா? அது எங்கயும் ஓடாது. உன்ற கை எங்க இருக்குதுன்னு பாரு.”

பார்த்தேன். வால்வின் தொப்பிக்கு அருகில், முழுசாக.

“சத்தம் கேட்டா மொதல்ல கை வெளிய வரோணும். நெஞ்சு படபடக்கறது அதுக்கப்பறம். என்ன ஏதுன்னு திரும்பிப் பாக்கறது கடேசி. வரிசை மாறுனா ஊடு போயிச் சேர மாட்டே.”

சில மாதங்களில் எங்கள் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. எங்கே எது விழுந்தாலும் கை பின்னால் பாயும். கல்யாணப் பந்தியில் சமையற்காரர் கரண்டியைக் கீழே போட்டதற்கு, வரிசையில் நாங்கள் நாலு பேர் மட்டும் இலையிலிருந்து கையை எடுத்தோம். பெண் வீட்டார் சாப்பாட்டில் ஏதோ குறை என்று பதறி ஓடிவந்தார்கள்.

ஒருமுறை வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். ஒரு செட்டைக் காட்டி, போட்டுக் காட்டச் சொன்னார். அந்தச் செட்டுக்குள் என் கை இருந்தது.

“கொஞ்சம் நேரமாகுங்க சார்” என்றார் துரைசாமி சார்.

“ஏன், பவர் இல்லையா?”

“பவர் இருக்குதுங்க. அந்தப் பொண்ணு கழுத்துல இருக்குது. வேலைய முடிச்சுக் குடுத்தாத்தானுங்க ஆச்சு. கேட்டு வாங்கற வழக்கம் இங்க இல்லீங்க.”

அதிகாரி என் காக்கிப் பையைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டீ கேட்டார். நான் அவசரப்படவில்லை. அவசரப்பட்டிருந்தால் துரைசாமி சாரிடம்தான் திட்டு வாங்கியிருப்பேன். அவர் ஏன் இத்தனை பயப்படுகிறார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். யாரையாவது பறிகொடுத்திருப்பாரோ என்பார்கள். அவர் சொன்னதில்லை. கேட்ட ஒருவரிடம், “பயப்படறதுக்கு ஆளு செத்திருக்கோணுமா?” என்று திருப்பிக் கேட்டாராம்.

இவ்வளவும் சொன்னது போன ஐப்பசி மழையில் நடந்ததைச் சொல்வதற்காக. பணிமனையில் எத்தனையோ செட் பார்த்தேன். இதுபோல ஒன்று வாய்க்கவில்லை. இது நடந்தது ஓய்வு பெற்ற பிறகு, செம்மநத்தம் போகும் வழியில், ஓடுபோட்ட ஒரு வீட்டின் தகரம் வேய்ந்த பக்கவாட்டு அறையில்.

ரைட்டர் மாணிக்கம் எங்கள் பக்கத்து ஹாம்களில் மூத்தவர். காபி எஸ்டேட்டில் ஆள்பேரும் கணக்கும் எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கே அவர் ரைட்டரய்யாதான். தினமும் காலையில் கொங்கு வட்டாரத்து ஹாம்கள் அலைவரிசையில் ஒன்றுகூடுவதை நாங்கள் நெட் என்போம். கோபியிலிருந்து ஒருவர் அதை நடத்துவார். ஒவ்வொருவரின் அழைப்புக்குறியாகச் சொல்லி, பதில் வந்ததும் அடுத்தவருக்குப் போவார். அதில் ரைட்டரய்யாவின் குரல் பிரசித்தம். களத்தில் ஆள் பேர் கூப்பிட்டுப் பழகிய தொண்டை.

அந்தத் தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் மெல்லிய துணி. எழுதிக் காட்டுவதற்குப் பேரன் விளையாட்டுக்கு வாங்கிய எலெக்ட்ரானிக் சிலேட்டு ஒன்று. ஒரு பட்டனை அழுத்தினால் எழுதியதெல்லாம் அழியும்.

அவர் மனைவி சரோஜா அக்கா காலை பஸ்ஸில் என் வீட்டுக்கு வந்தார். காபியைக் கையில் வாங்கினாரே தவிரக் குடிக்கவில்லை.

“ஜெசிந்தா, அவரு ஒரு வாய் நல்லாத் திங்கறதில்ல கண்ணு. ஆசுபத்திரியில எல்லாஞ் சரியாயிருச்சுன்னுதான் சொல்றாங்க. காத்தால எந்திரிச்சா அந்த மெஷினண்ட போயி உக்காந்துக்கறாரு. காதுல மாட்டிக் கேப்பாரு. அவங்க இவரு பேரக் கூப்புடுவாங்களாம். கூப்புட்டுட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருப்பாங்களாம். அப்பறம் அடுத்த ஆளக் கூப்புடுவாங்களாம். உடனே இவரு கழட்டி வெச்சுட்டுப் போயிப் படுத்துக்குவாரு. தெனமும் இதே கூத்து.”

எனக்கு அது தெரியும். நானும் நெட்டைக் கேட்பவள். ரைட்டரய்யா வராத அத்தனை மாதமும் கோபிக்காரர் அவருடைய குறியை விடாமல் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு ஓர் ஆள் பதில் சொல்லும் நேரம் காத்திருப்பார். இரைச்சல் மட்டும் கேட்கும். அந்த இடைவெளியை மற்றவர்கள் யாரும் நிரப்ப மாட்டார்கள்.

“வாயிலதான பேச முடியாது, கையில தந்தி அடிக்கலாமில்லன்னு நாந்தான் கேட்டேன். மொத நாளு மொறச்சாரு. அப்பறம் அவரே அந்தக் கட்டைய எடுத்துத் தொடச்சாரு. ஆனா மெஷினு போவ மாட்டேங்குதாம். கேக்குதாம், அனுப்ப மாட்டேங்குதாம்.”

தந்திக் கட்டை என்று அவர் சொன்னது மோர்ஸ் கீயை. ரைட்டரய்யா இளமையில் மோர்ஸ் தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர். செட்டின் அனுப்பும் வால்வுகள் இரண்டும் போய்விட்டன. மாற்று வால்வு ஒரே ஜோடி, பல வருடங்களுக்கு முன் அவரே வாங்கி, பஞ்சு சுற்றி பிஸ்கட் டின்னில் வைத்திருந்தது. அதுவும் வீணானால் இனி எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியாது. மகன் புது செட் வாங்கித் தருவதாகச் சொன்னானாம். ‘அதில் பட்டன் தேடுவதற்குள் நெட் முடிந்துவிடும்’ என்று சிலேட்டில் எழுதிக் காட்டினாராம்.

மறுநாளே போனேன். இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஏரியல் கம்பி தொய்ந்து, நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ரைட்டரய்யா இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் வாயைத் திறந்தார், பழைய வழக்கம். பிறகு மூடிக்கொண்டு கும்பிட்டார்.

மேசைக்கு அடியில் ஒரு கார் பாட்டரி. அதை முதலில் கேட்டேன். ஆர்வமாக எழுதிக் காட்டினார். மலையில் மழை பிடித்தால் மின்சாரம் போய்ப் போய் வரும். பேச்சு நடுவில் அறுபடக் கூடாது என்று தானாக மாறும் சுவிட்சாக அவரே ஒரு ரிலே வைத்திருந்தார். கரண்ட் போனால் ரிலே விழுந்து, செட் பாட்டரிக்கு மாறி, அதிலிருந்தே ஹெச்.டி.யை உண்டாக்கிக்கொள்ளும். பாட்டரியிலிருந்து வரும் மின்னோட்டத்தைச் செட்டின் முன் சுவிட்ச் தாங்காது என்பதால், அதைத் தாண்டிக் கம்பி இழுத்திருந்தார். பாட்டரியை நிறுத்தவும் சேர்க்கவும் மேசைக்கு அடியில் கத்தி போன்ற பிடியுடன் ஒரு பெரிய சுவிட்ச்.

திறமையான ஏற்பாடுதான். ஆனால் துரைசாமி சாரின் ஃபியூஸ் சட்டத்தை அது செல்லாததாக்கிவிடும். நான் ஃபியூஸைக் கழற்றினால், கரண்ட் போய்விட்டது என்றுதான் அந்த ரிலே எடுத்துக்கொள்ளும். கத்தி சுவிட்ச் சேர்ந்திருந்தால் அந்த நொடியே பாட்டரி வேலையைத் தொடங்கும். ஃபியூஸ் என் கழுத்தில் இருக்கும், ஹெச்.டி. உள்ளே இருக்கும்.

“இந்த சுவிட்ச் தெறந்தே இருக்கோணுமுங்க ரைட்டரய்யா. நான் முடிக்கற வரைக்கும்.”

தலையாட்டினார். ‘திறந்தே இருக்கும்’ என்று எழுதி அடிக்கோடு போட்டார். குனிந்து பார்த்தேன். கத்தி விலகி நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது.

பழைய வால்வுகளைக் கழற்றினேன். ஒன்றின் கண்ணாடிக்குள் இருக்க வேண்டிய வெள்ளிப் பூச்சு பால்போல வெளுத்திருந்தது. உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். டின்னைத் திறந்து புது ஜோடியை உடனே பொருத்திவிட ரைட்டரய்யாவுக்கு ஆசை. நான் விடவில்லை. வால்வு இல்லாமலே செட்டைப் போட்டு, வால்வுக்குள் கிரிட் என்னும் கம்பி வலைக்கு வர வேண்டிய மைனஸ் வோல்ட்டேஜை அளந்தேன். அந்த வோல்ட்டேஜ்தான் வால்வின் கடிவாளம். மீட்டரின் முள் சரியான இடத்தில் நின்றது. பிறகு, செட் சூடேறச் சூடேற, மெல்ல நழுவத் தொடங்கியது. கிரிட்டுக்கு முன்னால் இருக்கும் ஒரு சிறிய கண்டென்சர் கசிந்துகொண்டிருந்தது. இதைப் பார்க்காமல் பொருத்தியிருந்தால், அந்த ஒரே ஜோடி, உள்ளிருக்கும் பிளேட் என்னும் தகடு சிவந்து, என் கண் முன்னால் போயிருக்கும். கண்டென்சரை மாற்றினேன். முள் நின்றது. இன்னும் நிற்கிறதா, இன்னும் நிற்கிறதா என்று மதியம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அந்த முள்ளு ஓடிப் போயிருமா?” என்று சரோஜா அக்கா கேட்டார். “சோறு ஆறுது. அதயும் பாருங்க.”

பிறகுதான் புது வால்வுகளை வைத்தேன். கடிவாளத்தை முழுதாக இறுக்கி வைத்துவிட்டு செட்டைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். சும்மா இருக்கும்போது ஓட வேண்டிய மின்னோட்டம் வந்ததும் நிறுத்தினேன். பிளேட் சிவக்கவில்லை. அன்றைக்கு அது போதும்.

ஆனால் வீட்டுக்கு வந்து நாட்குறிப்பு எழுதும்போது ஒன்று உறைத்தது. “ஆன்” என்று நான் சொல்வேன். திருப்பிச் சொல்ல அவருக்குக் குரல் இல்லை. அன்று முழுக்க அவர் கையை உயர்த்திக் காட்டினார், நான் பார்த்துக்கொண்டேன். ஆனால் என் முகம் செட்டுக்குள் இருக்கும்போது அவர் கை எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் போனதும் சரோஜா அக்காவிடம் ஒரு எவர்சில்வர் டம்ளர் கேட்டேன். நான் சொன்னதை ஒப்புக்கொள்ள ரைட்டரய்யா டம்ளரால் மேசையில் ஒரு தட்டு தட்ட வேண்டும். அவருக்கு அது பிடித்திருந்தது. “மாமனாரு காபி கேக்கற மாதிரியே இருக்குது” என்று சரோஜா அக்கா உள்ளே போனார். ஆபத்து என்றால் என்ன செய்வது என்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மீதி இருந்தது நியூட்ரலைசிங். வால்வு தான் வெளியே அனுப்புவதில் ஒரு துளியைத் தன் கிரிட்டுக்கே திரும்ப எடுத்துக்கொண்டால், யாரும் கேட்காமலே தானாக ஊளையிடத் தொடங்கிவிடும். அதைத் தடுக்க உள்ளே ஒரு சிறிய திருகு. சிலர் ஹெச்.டி. ஓடும்போதே நீண்ட பிளாஸ்டிக் குச்சியால் அதைத் திருப்புவார்கள். துரைசாமி சாரிடம் வளர்ந்தவர்கள் அப்படிச் செய்வதில்லை. செட்டைப் போட்டு, ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டிய இரண்டு அளவுகளை மீட்டரில் பார்க்க வேண்டும். ஆஃப். ஃபியூஸ் பைக்கு. கொஞ்சம் காத்திருந்து, எர்த் கம்பி கட்டிய குச்சியால் வால்வின் தொப்பியைத் தொட்டு மிச்சமிருக்கும் மின்சாரத்தை இறக்க வேண்டும். பிறகுதான் கையை விட்டுத் திருகை ஒரு மயிரிழை திருப்புவது. மறுபடி ஃபியூஸ், மறுபடி அளவு. திரும்பத் திரும்ப இதையே. இந்த வேலையில் ஆபத்தான நேரம் முதல் தடவை அல்ல. கை தானாகவே செய்யத் தொடங்கும் தடவைதான்.

மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் இரைச்சல். டம்ளர் தட்டுவது மட்டும் கேட்டது. “ஆன்” டங். “ஆஃப்” டங். அளவுகள் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருந்தன. ஒரு வால்வின் தொப்பிக் கிளிப் கொஞ்சம் தளர்ந்திருப்பதுபோலத் தெரிந்தது. ஆஃப் சொன்னேன். டங். ஃபியூஸைக் கழற்றிப் பையில் போட்டேன். காத்திருந்தேன். குச்சியால் தொட்டேன். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையை உள்ளே விட்டேன்.

அறை விளக்கு ஒரு தடவை மங்கி எழுந்தது.

நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியைப் பிறகு சிலேட்டில் படித்தேன். விளக்கு மங்கினால் ரைட்டரய்யாவின் கை மேசைக்கு அடியில் போகும். எத்தனையோ மழைக்காலங்களாகப் போன கை அது. கொட்டாவி மாதிரி, அவரைக் கேட்டு நடப்பதில்லை. பாதிப் பேச்சில் கரண்ட் போய்விடப் போகிறது என்று கை போயிற்று. கத்தி சுவிட்சைச் சேர்த்தது. சேர்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

வாயைத் திறந்து கத்தினாராம். காற்று கழுத்து வழியாகப் போய்விட்டது.

எனக்குக் கேட்டது எவர்சில்வர் தரையில் மோதும் சத்தம். டம்ளர், அதன்கூட இருந்த தட்டு, கீ, சிலேட்டு, எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மேசையிலிருந்து தள்ளியிருந்தார். அது நாங்கள் பேசி வைத்த சத்தம் அல்ல. என்ன சத்தம் என்று நான் யோசிக்கவும் இல்லை. கை வெளியே இருந்தது. பிறகு நெஞ்சு படபடத்தது. கடைசியாகத் திரும்பிப் பார்த்தேன். வரிசை மாறவில்லை.

அவர் குனிந்து கத்தி சுவிட்சைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். செட்டின் மீட்டரில் ஹெச்.டி. முள் முழு அளவில் நின்று, மெல்ல இறங்கியது. வால்வுகளைச் சுற்றியிருக்கும் கூண்டின் தகரம் கீறி என் புறங்கையில் ரத்தம் வந்தது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தம் வரும் கை.

சமையலறையிலிருந்து சரோஜா அக்கா குரல் கொடுத்தார்.

“என்னத்த ஒடச்சீங்க அங்க?”

“டம்ளர் விழுந்துருச்சுங்க அக்கா.”

வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

“டம்ளரு விழுந்ததுக்கா ரெண்டு பேரும் இப்புடி வேத்து ஊத்தி உக்காந்திருக்கீங்க?”

 பிறகு அவரே உள்ளே போய் டெட்டாலும் துணியும் கொண்டுவந்து என் கையைத் துடைத்தார்.

ரைட்டரய்யா சிலேட்டைப் பொறுக்கி நடந்ததை எழுதினார். எழுத்து கோணியது. கடைசியில், ‘வேண்டாம் கண்ணு. மூடி வைத்துவிடு. எனக்கு இது வேண்டாம்’ என்று எழுதி, நான் படிப்பதற்குள் பட்டனை அழுத்தி அழித்தார். நான் படித்துவிட்டேன்.

மூடி வைத்துவிடத்தான் எனக்கும் ஆசை.  நடுங்கும் கையோடு அந்தக் கூண்டுக்குள் போகக் கூடாது. போகாமல் வீட்டுக்குப் போனால், நாளைக் காலையில் கோபிக்காரர் கூப்பிடுவார்; இடைவெளி விடுவார்; இவர் கழற்றி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். சரோஜா அக்கா வாசலை விட்டு நகரவில்லை. அவருக்கு என்ன நடந்தது என்று தெரியாது, ஆனால் எதற்காக நிற்கிறோம் என்று தெரியும்.

“கை நிக்கட்டுமுங்க. நின்னதும் பாக்கலாம்” என்றேன்.

டீ வந்தது. குடித்தோம். ரைட்டரய்யா திடீரென்று எழுந்து, ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தரையில் படுத்தார். மேசைக்கு அடியில் புகுந்து பாட்டரி டெர்மினலின் நட்டைக் கழற்றினார். கம்பியைத் தூர இழுத்துப் போட்டார். எழுந்து வந்து, அந்த நட்டை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மூடினார்.

அதைக் காக்கிப் பைக்குள், ஃபியூஸுக்குப் பக்கத்தில் போட்டேன்.

வால்வுகளுக்கு ஏதும் ஆகியிருக்குமோ என்பது அடுத்த பயம். ஃபியூஸைப் போட்டேன். “ஆன்” என்றேன். நசுங்கிய டம்ளர் தட்டியது. சத்தம் முன்புபோல இல்லை, மொத்தையாக இருந்தது. மின்னோட்டம் முந்தின நாள் நான் நிறுத்திய இடத்திலேயே நின்றது. கிளிப்பை இறுக்கினேன். திருகை இன்னொரு மயிரிழை. அளவுகள் ஒன்றாகச் சேர்ந்தன. ஏரியலுக்குப் பதிலாக ஒரு குண்டு பல்பை மாட்டிக் கீயை அழுத்தச் சொன்னேன். பல்பு எரிந்தது. விட்டதும் அணைந்தது. அவர் மறுபடி அழுத்தினார். மறுபடி. “போதுமுங்க, வால்வு சூடாவுது” என்று நான்தான் நிறுத்தினேன்.

மழையில் பஸ் வராததால் அங்கேயே தங்கினேன். காலையில் பனிமூட்டம் ஜன்னல்வரை வந்திருந்தது. கோபிக்காரர் ஒவ்வொரு குறியாகக் கூப்பிட்டு வந்தார். ஒருவர் கீரிப்பட்டியில் மழை என்றார், ஒருவர் மூட்டுவலி என்றார். பிறகு ரைட்டரய்யாவின் குறியைக் கூப்பிட்டார். இடைவெளி விட்டார்.

நான் ரைட்டரய்யாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கூண்டின் துளைகள் வழியாக வால்வைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீ அசைந்தது. பிளேட் சிவக்கவில்லை. அவருடைய குறி, பிறகு காலை வணக்கத்துக்கான இரண்டு எழுத்து. நின்றது.

அலைவரிசையில் இரைச்சல் மட்டும். போகவில்லையோ என்று நினைத்தேன். ஏரியல் கனெக்டரைப் பார்க்க எழுந்தேன்.

“எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க” என்றது கோபிக்காரரின் குரல். அப்படி அவர் பேசி நான் கேட்டதில்லை. “ஒருத்தரும் நடுவுல வராதீங்க.”

பிறகு அவர் மைக்கை வைத்துவிட்டார் போலிருக்கிறது. மெல்ல, தடுமாறி, மோர்ஸ் வந்தது. ஓர் எழுத்தைத் தப்பாக அடித்து, தப்பு என்று குறி காட்டி, மறுபடி அடித்தார். ரைட்டரய்யாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று திரும்பினேன். சிரிப்பு. சிலேட்டை இழுத்து, ‘இவனுக்குக் கை துருப்பிடித்துவிட்டது’ என்று எழுதினார்.

“என்னுங்கறாரு அவரு?” என்று சரோஜா அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“சாப்ட்டாச்சான்னு கேக்கறாருங்க அக்கா.”

“இதக் கேக்கறதுக்கா இத்தன பாடு?” என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே இட்லி எடுக்கப் போனார். தட்டை ரைட்டரய்யா எதிரில் வைத்துவிட்டு, “கேட்டாங்கல்ல, இன்னும் இல்லன்னு சொல்லிட்டுத் திங்கோணும்” என்றார். ரைட்டரய்யா அப்படியே அனுப்பிவிட்டுச் சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தபோது நட்டு உள்ளே இருந்தது. அடுத்த வாரமே ரைட்டரய்யாவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. ‘நட்டு உன்னிடமா?’ ஆமாம் என்று எழுதினேன். பிறகு அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. வேறு நட்டு வாங்க ஏற்காட்டில் கடை இல்லாமலில்லை.

மழை நாட்களில் கரண்ட் போனால் அவருடைய செட் நின்றுவிடும். கோபிக்காரர் கூப்பிடுவார், காத்திருப்பார், இரைச்சல் மட்டும் வரும். நான் ரிசீவருக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் மணி அடிக்கும். “இருக்காரு கண்ணு, கரண்டுதான் இல்ல” என்பார் சரோஜா அக்கா. அதன் பிறகுதான் என் காபியைக் குடிப்பேன்.